ஓடைக்கரை பக்கத்துல வந்த வருஷம்

எங்க நொச்சியூர்ல ஓடுதவங்கன்னு பார்த்தா ஏழேகால் மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடுதவங்களைத் தவிர வேற யாரும் கிடையாது, அதுலயும் பாதிப் பேரு கண்டக்டர் இசக்கிராஜா விசிலடிச்சாத்தான் ஓடுவாங்க. அப்பேர்ப்பட்ட ஊர்ல போன வருஷம் தை ஒண்ணாந் தேதி, ரிட்டயர்டு டிரில் மாஸ்டர் ஞானராஜ் சார் தண்ணித் தொட்டிக்குக் கீழ சுண்ணாம்புல ஒரு கோட்டைப் போட்டு, நொச்சியூர் அதிகாலை ஓட்டக் கழகம்னு ஒரு பேனரைக் கட்டி, கழுத்துல ஸ்டாப் வாட்சைத் தொங்கவிட்டுக்கிட்டு வந்து நின்னாரு. பேனர் அடிச்சுக் கொடுத்தது நான். தாலுகா ஆபீஸுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற மரகதவல்லின்னா எல்லாருக்கும் தெரியும். பேனர் வாங்க வந்த மனுசன் என்னையும் மெம்பராச் சேர்த்து, நான் யோசிக்கதுக்குள்ள செயலாளர்னும் போட்டுட்டாரு. ரெண்டு மூட்டும் வலிக்கிறவளைப் போய் ஓட்டக் கழகத்துக்குச் செயலாளர் ஆக்கின ஊரு உலகத்துலயே எங்க ஊரு ஒண்ணுதான் இருக்கும்.

தண்ணித் தொட்டியில இருந்து நேரா கிழக்க அஞ்சு கிலோமீட்டர் போனா ஓடைக்கரைப்பட்டி. அங்க ஊர் முகப்புல, வீட்டு வாசலையே கடையாக்கி ஆவுடைச்செல்வி வடை போடுதா. அதுவரைக்கும் ஓடி, தொட்டுட்டு, திரும்பி ஓடி வரணும்னுதான் முதல் நாள் சார் சொன்னாரு. ஆனா முதல் நாளே அவ ஆமவடை அவரு வாயில பட்டுட்டு. எட்டு வடையும் ஒரு சுக்குக் காப்பியும் உள்ள போன பிறகு எவன் ஓடுவான்? எல்லாரும் மினி பஸ்ல ஏறி வந்துட்டோம். மறுநாளும் அப்படித்தான், அதுக்கு மறுநாளும் அப்படித்தான். போகும்போது ஓட்டம், வரும்போது பஸ்ஸுன்னு அது கழகத்தோட வழக்கமாவே ஆகிப்போச்சு, ஒரு கழகம்னா ஒரு வழக்கம் இருக்கணும்லா.

கழகத்துல இருந்த பதினோரு பேர்ல இந்தக் கதைக்கு வேண்டியவன் கோமதிநாயகம் ஒருத்தன்தான். தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு, அரிசிக்கடைக்காரன், அவன் கடைத் தராசுலயே நிறுத்தா நூத்திப்பன்னெண்டு கிலோ. சுகர் முந்நூத்தி இருபதுன்னு டாக்டர் மிரட்டுனதுல கழகத்துல சேர்ந்தான். ஆவுடைச்செல்வி அவனுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. ரெண்டு பேரும் பேசி ஒன்பது வருஷம் ஆகுது. ரூட்டு எங்க போகுதுன்னு தெரியாமத்தான் சேர்ந்தேன்னு இன்னைக்கும் சாதிக்கான். நொச்சியூர்ல இருந்து வெளிய போறதே ரெண்டு ரோடு.

சண்டை எதுக்குன்னா, ஒன்பது வருஷத்துக்கு முந்தி ஒரு தை மாசக் கடைசியில அவ மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும். அன்னைக்குன்னு பார்த்து மினி பஸ்ஸு டயர் வெடிச்சு நிக்குது, இவன் சீர்த்தட்டைத் தலையில வச்சுக்கிட்டு கால்நடையாப் போயி, இருபது நிமிஷம் பிந்திட்டான். முகூர்த்தம் போயிரும்னு பிள்ளையை மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா ஒருத்தர் மடியில வச்சுக் குத்தி முடிச்சுட்டாங்க. சொந்தபந்தம் அத்தனை பேரு முன்னாலயும் அவ கேட்டா: "தங்கச்சி வீடுன்னு ஓடி வந்திருந்தா என் பிள்ளை எவர் மடியிலயோ உக்காந்திருக்குமா? ஆடி அசைஞ்சு வந்து நிக்கியே. இனி ஓடி வந்தாத்தான் இந்த வீட்ல உனக்கு இலை." இவனுக்கும் மூக்குக்கு மேல கோவம், வேர்த்து ஊத்த நின்னுக்கிட்டு, "நானா இனி வர மாட்டேன். உன் வாசப்படி என் வாசப்படியைத் தேடி வரட்டும், அன்னைக்கு மிதிக்கேன்"ன்னு சொல்லிட்டு, சீர்த்தட்டை அவ வாசலுக்கு எதிர்ல இருந்த மைல்கல்லு மேல வச்சுட்டுத் திரும்பிட்டான். வாய் இருக்குன்னு பேசிட்டாங்க. அதை ரோடு கேட்டுக்கிட்டு இருந்திருக்கு, அதுதான் யாருக்கும் தெரியலை.

அதனால நாங்க கடைக்குள்ள உக்காந்து திங்கும்போது இவன் மட்டும் மைல்கல்லு மேல முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். கிளம்பும்போது ஆவுடைச்செல்வி என் கையில தனியா ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "மிஞ்சிப்போச்சுக்கா, யாருக்காவது கொடுங்க"ம்பா. காலை ஆறே முக்காலுக்கு என்னத்த மிஞ்சும்? பஸ்ல வச்சு அவன்கிட்ட கொடுப்பேன். நாலு உளுந்தவடையையும் தின்னு முடிச்சுட்டு, "எந்தக் கடையோ, உப்பு கம்மி"ம்பான். இசக்கிராஜா அடுத்த நடையில அதைச் சேர்க்க வேண்டிய இடத்துல சேர்த்துருவான் போல, மறுநாள் பொட்டலத்துல உப்பு ஒரு கல்லு கூட இருக்கும்.

மாசி பிறந்ததும் எங்களுக்கு வேகம் கூட ஆரம்பிச்சுது. முதல்ல நாப்பத்தெட்டு நிமிஷம், பிறகு நாப்பத்திநாலு, பங்குனியில முப்பத்தெட்டு, சித்திரையில முப்பத்தொண்ணுன்னு சாரோட ஸ்டாப் வாட்சுல முள்ளு இறங்கிக்கிட்டே வந்துச்சு. எனக்கா கால் தரையில நிக்கலை, தாலுகா ஆபீஸு தாசில்தார்கிட்டயே, "இப்படி உக்காந்தே இருந்தா எப்படி சார், எங்களைப் பாருங்க"ன்னுட்டேன். ஞானராஜ் சார் கோப்பை வைக்கக் கண்ணாடி அலமாரிக்கு ஆசாரிகிட்ட சொல்லிட்டாரு. அந்த அலமாரியையும் நம்பி, சித்திரைக் கடைசியில தென்காசியில நடந்த மாவட்ட ஓட்டத்துக்குப் பதினோரு பேரும் ஒரே கலர் பனியன் போட்டுக்கிட்டுப் போயி இறங்குனோம்.

அங்க அதே அஞ்சு கிலோமீட்டருக்கு எங்களுக்கு அம்பத்திரெண்டு நிமிஷம் ஆச்சு. நாங்க போய்ச் சேருததுக்குள்ள பரிசு கொடுத்து, போட்டோ எடுத்து, பந்தலைப் பிரிச்சுக்கிட்டு இருக்காங்க. பைக்ல பின்னாலயே வந்த பையன் மூணு தடவை, "ஆம்புலன்ஸ்ல ஏறிக்கிடுதீங்களாக்கா"ன்னு மரியாதையாக் கேட்டான். ஊர் திரும்புத வரைக்கும் யாரும் யாரு மூஞ்சியையும் பார்க்கலை, சார் மட்டும் ஸ்டாப் வாட்சைக் காதுல வச்சு வச்சுக் கேட்டுக்கிட்டு வந்தாரு.

மறுநாள் இசக்கிராஜாதான் மெல்ல வாயைத் திறந்தான். "சார், ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். முன்னால ஓடைக்கரைக்குப் பன்னெண்டு நிமிஷம் ஆகும். இப்ப எட்டுதான் ஆகுது. டிரைவர் பறக்கான்னு நினைச்சு ரெண்டு தடவை அவர்கூட சண்டை போட்டுட்டேன்."

நாடாவை எடுத்துக்கிட்டுப் போயி அளந்தோம். மூணு கிலோமீட்டர் இருநூத்திநாப்பது மீட்டர்தான் இருக்கு. காணாமப்போன மிச்ச ரோடு எங்க போச்சுன்னு தேடினா, தண்ணித் தொட்டிக்குப் பின்னால, பாயை ஒதுக்கி வச்ச மாதிரி மடிப்பு மடிப்பா ஏறிக் கிடக்கு, ஒண்ணாம் நம்பர் மைல்கல்லு மேல ரெண்டாம் நம்பர் மைல்கல்லு உக்காந்திருக்கு. சாருக்கு உடனே புரிஞ்சுட்டு. "காலை ஊனித் தள்ளுனா ஆளு முன்னால போவான், தரை பின்னால போகும். வரும்போதும் ஓடி வந்திருந்தா அது பழையபடி இடத்துக்குப் போயிருக்கும். நாமதான் பஸ்ல வந்தோமே"ன்னாரு. இதுல அதிசயப்பட என்ன இருக்கு, நாலு மாசமா தினமும் ஒரே பக்கமாத் தள்ளுனா எதுதான் நகராது?

ஊரும் அதை அப்படித்தான் எடுத்துக்கிட்டுது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருந்த வயக்காடெல்லாம் சேலைக் கொசுவம் மாதிரி மடிஞ்சுபோச்சு, வயலுக்குப் போறவங்க கொசுவத்தைக் கையால விலக்கி உள்ள போயி, களை எடுத்து, தண்ணி பாய்ச்சிட்டு, சாயந்திரம் விலக்கிக்கிட்டு வெளிய வந்தாங்க. வெள்ளாமை ஒண்ணும் குறையலை, உள்ள மேயப் போன மாடுகதான் ரெண்டு நாளைக்கு உடம்புல மடிப்புத் தடத்தோட திரிஞ்சுதுக. ஓடைக்கரைக்கு அந்தப் பக்கத்து ரோடு இழுத்த இழுப்புக்கு நீண்டுபோச்சு. அந்தப் பக்கத்து ஊர்கள்ல இருந்து இங்க பொண்ணெடுத்த மருமகன்மாரு, மாமியார் வீடு தூரமாப் போனதுல ரொம்ப நிம்மதியா இருந்ததாக் கேள்வி. தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருந்த ரோட்டு மடிப்புல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக சறுக்கி விளையாடுச்சு.

ஒருத்தருக்குத்தான் பிடிக்கலை, ஓடைக்கரைப் பஞ்சாயத்துத் தலைவர் சிவனணைஞ்சானுக்கு. ஆடி மாசம் நொச்சியூருக்கும் ஓடைக்கரைக்கும் நடுவுல ரெண்டே கிலோமீட்டர்னு ஆனதும், கோயில், ஊருணி, செல்போன் டவரோட அவர் ஊரு மெல்ல மெல்ல எங்க டவுனுக்குள்ள வருதது தெரிஞ்சு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு என் கடைக்கு வந்துட்டாரு.

"மரகதம்மா, உங்க கழகம் ஓடட்டும், விழட்டும், எங்க ஊரை எதுக்கு இழுக்கீங்க? டவுனோட சேர்ந்துட்டா எங்க சனத்துக்கு நூறுநாள் வேலை போயிரும். தெரியுமா உங்களுக்கு?"

"தலைவரே, நாங்க இழுக்கலை. தள்ளுதோம்."

"எதுவா இருந்தா என்ன, யாரு தள்ளுதா அதை முதல்ல சொல்லுங்க."

நியாயமான கேள்வி. ரோட்டுக்குக் குறுக்க கோலமாவுல ஒரு கோடு போட்டு, ஓரத்துப் புளியமரமும் தரையோட சேர்ந்து நகர்ந்துரும்லா, அதுக்குப் பதிலா அசையாத சாட்சியா சிவனணைஞ்சானையே ஒரு நாற்காலியைப் போட்டு மினி பஸ் கூரையில உக்கார வச்சு, எங்களை ஒவ்வொருத்தரா ஓடச் சொல்லிப் பார்த்தாங்க. நான் ஓடினேன், கோடு அசையலை. சார் ஓடினாரு, ஒரு விரக்கடை நகர்ந்துச்சு, அதுக்கே மீசையை முறுக்கிக்கிட்டாரு. கோமதி ஓடினான்; கோடு ஒரு முழம் பின்னால போயி நின்னுச்சு. கனம்தான் காரணம்னு சொல்லி, ரெண்டு அரிசி மூட்டையை சைக்கிள்ல ஏத்தி இசக்கிராஜாவை உருட்டச் சொன்னாங்க, சைக்கிள் டயர்தான் பஞ்சர் ஆச்சு. "இது எடை இல்லை, வீம்பு"ன்னு சார் நோட்டுல எழுதிக்கிட்டாரு.

சரி, எட்டு வடை தின்னாலும் பரவாயில்லை, கோமதியையும் கூட்டிக்கிட்டுத் திரும்பி ஓடுவோம்னு புரட்டாசி முழுக்க முயற்சி பண்ணினோம். முதல் வளைவுலயே நாலு பேரு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. கோமதிக்குக் காலே எழும்பலை. கிழக்க பார்த்தா மாடு மாதிரி ஓடுதவன், மேக்க திரும்பினா மூச்சு வாங்குது, செருப்பு கடிக்குது, கண்ணுல தூசி விழுதுங்கான். வடையைக் குறைப்போம்னு நான் ஒரு தீர்மானம் கொண்டு வந்தேன், பதினோரு பேர்ல எனக்கே நான் ஓட்டுப் போடலை.

ஐப்பசியில ரெண்டு ஊரும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க: கார்த்திகையோட சரி. மார்கழி ஒண்ணாந் தேதியில இருந்து கோமதிநாயகம் காலையில வெறும் வயித்தோட மினி பஸ்ல ஓடைக்கரைக்குப் போயி, அங்க இருந்து இங்க பார்த்து ஓடணும், ஊரு பழைய இடத்துக்குப் போறவரைக்கும் தினமும் ஓடணும். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க, கோமதியும் போட்டான். கூட்டத்துக்கு வடை திருப்புத சட்டுவத்தோட வந்திருந்த ஆவுடைச்செல்விகிட்ட கேட்டதுக்கு, "எனக்கு என்ன, எங்க கிடந்தாலும் எண்ணெய் காயும்"னா. மறுநாள் வடையில உப்பே இல்லை. அதை மட்டும் அவன் சொல்லலை, பேசாமத் தின்னான்.

கார்த்திகைக் கடைசி நாள் வந்தாச்சு. இவன் வீட்டு வாசலுக்கும் அவ கடை வாசலுக்கும் நடுவுல நானூறு மீட்டர்தான் மிச்சம். இங்க இருந்து பார்த்தா அவ அடுப்புப் புகை தெரியும், தாளிக்கிற வாசனை வரும். அவ ஒரு பழைய சேலையை எடுத்து வாசலுக்குக் குறுக்கத் திரையாக் கட்டியிருந்தா. இவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவத்தைப் பார்த்து உக்காந்திருந்தான். காலை ஓட்டம் முடிஞ்சு, மறுநாள் ஏற்பாட்டைச் சொல்லலாம்னு பத்து மணிக்கு அவன் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, நாளையில இருந்து அவ தூரமாப் போயிருவா. அதுவும் என் காலாலேயே தள்ளணும். என்னால முடியாதுக்கா"ன்னான்.

"பின்ன எதுக்குல கையெழுத்துப் போட்ட?"

"எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்கள்லா." நாற்காலியை என் பக்கமாத் திருப்பிப் போட்டான். "அன்னைக்குக் காதுகுத்துக்கு நான் நடந்து வரலைக்கா. ஓடித்தான் வந்தேன். அஞ்சு கிலோமீட்டரும் ஓடித்தான் வந்தேன். இந்த உடம்பு ஓடினா நடக்கிற மாதிரித்தான் தெரியும், நான் என்ன செய்ய?"

வருஷம் பூரா கூட ஓடியிருக்கேன், இவன் ஓடுதானா நடக்கானான்னு நானே பல நாள் கேலி பண்ணியிருக்கேன். "அதை அவகிட்ட சொல்ல வேண்டியதுதானல"ன்னேன்.

"சொல்லி என்னத்துக்கு? ஓடிக் காட்டணும்"னு எந்திரிச்சான்.

அப்ப ஓட ஆரம்பிச்சவன்தான். உச்சி வெயிலு, ஊரே வேலையை விட்டுட்டு ரெண்டு பக்கமும் நிக்குது. ஓடுவான், கடைத் திரைக்கு முன்னால தரையைத் தொட்டுட்டு, மினி பஸ்ல ஏறுவான், தண்ணித் தொட்டிக்கு வந்து இறங்குவான், மறுபடி ஓடுவான். இசக்கிராஜா மத்த நடை அத்தனையையும் நிறுத்திட்டு, யார் கேட்டாலும் பஸ்ஸு ரிப்பேர்னு சொல்லிக்கிட்டே அவனை ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்தான். சார் ஒவ்வொரு தடவையும் விசிலடிச்சாரு. முந்நூறு மீட்டர், இருநூறு, நூறுன்னு ரோடு அவன் காலுக்கடியில சுருண்டு சுருண்டு தொட்டிக்குப் பின்னால போயி விழுந்துக்கிட்டே இருந்துச்சு. மூணு மணிக்கு பஸ்ஸுக்கு முன்படி அவ வாசல்லயும் பின்படி இவன் வாசல்லயும் நின்னுச்சு, அவன் ஒரு படியில ஏறி மறு படியில இறங்கினான், அதுக்கும் இசக்கிராஜா ரைட்டு கொடுத்தான். பிறகு பஸ்ஸே நடுவுல நிக்க இடம் பத்தாம ஓரமா ஒதுங்கிட்டு.

கடைசியில ரெண்டு வாசப்படிக்கும் நடுவுல ஒரே ஒரு அடி. கோமதி அவன் படியில நிக்கான், வேர்வை வழியுது, காலைத் தூக்குதான், இறக்குதான். ஒரு அடியில எப்படி ஓட? காலை எடுத்து வச்சா அது நடை. ஓடி வந்தாத்தான் இலைன்னு அவ சொன்ன சொல்லு அங்க நிக்குது. வெளிய நானூறு பேரு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கோம். இவன் நின்ன இடத்துலயே தொம்மு தொம்முன்னு குதிக்கான். பார்க்கவும் சிரிப்பா இருக்கு, அழுகையும் வருது.

திரையை விலக்கிட்டு ஆவுடைச்செல்வி வெளிய வந்தா, கையில சட்டுவம்.

"அண்ணே, போதும். நடந்தே வா."

"நீ அன்னைக்குச் சொன்ன..."

"சொன்னேன். இந்த ஒரு வருஷமா நீ ஓடி வாரதைத் தினமும் அடுப்படியில இருந்து பார்க்கேன். நீ ஓடினா இப்படித்தான் இருக்கும்னு எனக்கு இப்பத்தான தெரியுது." அவளுக்குக் குரல் உடைஞ்சுட்டு. "அன்னைக்கும் நீ ஓடித்தான் வந்திருக்க. எனக்குத்தான் பார்க்கத் தெரியலை."

அவ சட்டுவத்தால வாசல் ஓரத்துல இருந்த வாளியைக் காட்டினா. "முதல்ல காலைக் கழுவு. ஒரு ஊரையே கால்ல இழுத்துக்கிட்டு வந்திருக்க, அப்படியே உள்ள வந்துராதே."

அவன் காலைக் கழுவினான். ஒரு அடி எடுத்து வச்சான், உள்ள போனான். இலை போட்டு அவளே பரிமாறினா, அஞ்சாம் வகுப்புப் படிக்கிற மருமக தண்ணி கொண்டு வந்து வச்சுது, அவன் பதினாறு வடை தின்னான், சுகரைப் பத்தி யாரும் பேசலை. "உப்பு எப்படி?"ன்னு அவ கேட்டதுக்கு, "சரியா இருக்கு"ன்னான்.

எழுதிக் கொடுத்த சொல்லை மீற முடியுமா, மார்கழி ஒண்ணாந் தேதி அவனை அவ வாசல்ல இருந்து எங்க பக்கமா ஓட விட்டாங்க. நாள் முழுக்க நின்ன இடத்துலயே ஓடினான், தரை ஒரு மயிரிழை நகரலை. சிவனணைஞ்சான் நூலைப் பிடிச்சு மூணு தடவை அளந்து பார்த்துட்டு, வெறுத்துப்போய்க் கடைக்குள்ள உக்காந்து ஆறு ஆமவடை தின்னாரு. ஊரு எங்க வந்து நின்னாலும் அது ஓடைக்கரைப்பட்டிதான், நூறுநாள் வேலை உண்டுன்னு மேல இருந்து ஒரு கடுதாசி வந்தது, நான்தான் அதை அவருக்கு இருபது காப்பி எடுத்துக் கொடுத்தேன். அதுக்குப் பிறகு அவரும் கழகத்துல மெம்பர். ஓடத்தான் எங்களுக்கு ரோடு இல்லை, தினமும் தொட்டிக்கடியில கூடி நேரா வடைக்குப் போயிருதோம்.

தை பிறந்ததும் ஆண்டு விழா வச்சு எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தாரு சார். என் கடையிலதான் அடிச்சோம். எனக்கு 'வருகைக்காக'ன்னு போட்டிருந்தாரு, அதை நான் வீட்ல மாட்டலை. கோமதியோட சான்றிதழுக்கு மட்டும் ரெண்டு நாள் நோட்டைப் புரட்டி, விரலை விட்டு எண்ணி, கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தாரு, நான் அதைப் பார்த்து டைப் அடிச்சேன். தூரம்: ஒரு அடி. நேரம்: ஒன்பது வருஷம், பத்து மாசம், இருபது நிமிஷம்.

அதை ஃப்ரேம் போட்டு வடைக்கடையில அடுப்புக்கு மேலயே மாட்டியிருக்கா ஆவுடைச்செல்வி. எண்ணெய்ப் புகையில இப்ப பாதி எழுத்து தெரியாது. வேற ஒண்ணு பிரிண்ட் எடுத்துத் தாரேம்மான்னு கேட்டதுக்கு, இதுவே இருக்கட்டும்க்கான்னு சொல்லி முந்தானையால துடைச்சுட்டு, அண்ணனுக்கு ரெண்டாவது ஈடு எடுக்கப் போயிட்டா.